குறுக்கெழுத்து பாதியில் நின்றுவிட்டதா? எங்கே சிக்கியது என்று பார்த்து எடுப்போம்

காலையில் பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்துப் பக்கத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இது பழகிய கதை. முதல் ஏழெட்டு விடைகள் மளமளவென்று விழும். அப்புறம் பேனா நின்றுவிடும். காபி ஆறிப்போகும். கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுக்கு என்ன விடை?" என்று கேட்போம், அல்லது நாளைக்கு வரும் விடைக்காகக் காத்திருப்போம். இரண்டிலுமே புதிர் போடுகிற சுகம் போய்விடுகிறது.

"தெரியவில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் புதிர் நிற்பதில் பல வகை உண்டு. வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதில்லை. எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று முதலில் பார்த்தால், பாதி நேரம் உதவியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தமிழ் நாளிதழ்களிலும் அவற்றின் இணைப்புகளிலும் வரும் புதிர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் சிக்கலுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகவே போகலாம்.

கட்டம் முழுக்கக் காலி, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

1-ஆம் எண்ணிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை மேலோட்டமாகப் படித்துவிட்டு, கோடிட்ட இடம் நிரப்பும் குறிப்புகளை முதலில் போடுங்கள். "யானைக்கும் ____ சறுக்கும்" என்றால் 'அடி' தவிர வேறு விடை கிடையாது. பழமொழி, ஊர்ப் பெயர், ஒரே விடை மட்டும் இருக்கக்கூடிய பொது அறிவுக் கேள்வி, இவைதான் ஊன்றுகோல். நான்கு விழுந்தால் போதும், கட்டம் தானாகப் பேசத் தொடங்கும்.

விடை தெரியும், ஆனால் ஒரு கட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது

புதிதாகப் போடுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். 'கு', 'கொ', 'கௌ' எல்லாமே எத்தனை கிளை வைத்து எழுதினாலும் ஒரு கட்டம்தான். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. 'தமிழ்நாடு' என்றால் த, மி, ழ், நா, டு என்று 5.

எண்ணியது சரியாக இருந்தும் ஒன்று இடிக்கிறதா? சொல்லின் தலையைப் பாருங்கள். ராமன் 3 எழுத்து, இராமன் 4. லாபம், இலாபம். ரோமம், உரோமம். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஒரு உயிரெழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் இருக்கிறது. புதிர் போடுகிறவர் தமக்கு எத்தனை கட்டம் மிஞ்சியதோ அதற்கேற்ப இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை.

எண்ணிக்கை சரி, கடைசி எழுத்து மட்டும் ஒட்டவில்லை என்றால் வாலைப் பாருங்கள். அறம் என்றாலும் அறன் என்றாலும் ஒன்றுதான். நலம், நலன். பந்தல், பந்தர். சாம்பல், சாம்பர். பள்ளிக்கூடத்தில் 'போலி' என்று படித்தோமே, அதுதான். மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம் இத்தனை வருடம் கழித்துக் குறுக்கெழுத்துக்கு வேலை செய்யும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

கட்டத்தில் அடங்குகிறது, ஆனால் குறுக்கே வரும் சொல் இடிக்கிறது

முதலில் திசையைப் பாருங்கள். நம் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று இன்னும் இரண்டு தலைப்புகள் வரும். அந்த இரண்டில் வரும் குறிப்புக்கு எண் சொல்லின் வலக்கோடியிலோ அடிக்கட்டத்திலோ இருக்கும். பழக்கதோஷத்தில் இடப்பக்கமிருந்து எழுதிவிட்டால் குறுக்கே போகும் அத்தனை சொல்லும் நாசம். தலைப்பு சரியாக இருந்தும் குறிப்பின் கடைசியில் 'திரும்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கலாம். அவசரத்தில் கண்ணில் படாது.

திசை சரி என்றால், பொருள் சரியாக இருந்து சொல் மட்டும் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை "பழனியில் இருப்பவன், 4 எழுத்து" என்று குறிப்பு. யோசிக்கவே இல்லை, பேனாவால் 'முருகன்' என்று எழுதிவிட்டேன். கடைசிக் கட்டத்தில் குறுக்கே வந்த சொல்லுக்கும் 'ன்' சரியாகப் பொருந்தியது. அதனால் முருகன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த மூலையில் மூன்று சொற்கள் அரை மணி நேரம் நகரவே இல்லை. விடை 'குமரன்'. எண்ணிப் பாருங்கள்: முருகன், குமரன், கந்தன், வேலவன், எல்லாமே 4 எழுத்து, எல்லாமே 'ன்'-இல் முடியும். ஒரு எழுத்து பொருந்தியதை மட்டும் வைத்துச் சொல்லை நம்பக்கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிலிருந்து பென்சில்தான். இப்படிப் பல பெயருள்ள விடை என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். "அறுசுவையில் ஒன்று, 5 எழுத்து" என்றால் உவர்ப்பா துவர்ப்பா என்று முட்டிக்கொள்ள வேண்டாம். 'வர்ப்பு' என்று பின்னால் உள்ள நான்கு கட்டங்களையும் தைரியமாக எழுதலாம். தலையெழுத்தைக் குறுக்குச் சொல் சொல்லும். 'யானை' என்ற குறிப்புக்கு 2 கட்டம் என்றால் கரி அல்லது பிடி. பிடி பெண் யானை என்பதால், குறிப்பில் பெண் என்று வந்தால் அது. 3 என்றால் களிறு, வேழம். 4 என்றால் வாரணம். 5 என்றால் குஞ்சரம். இந்த மாதிரிப் பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்து எண்ணிக்கைப்படி எழுதி வைத்தால் ஒரே மாதத்தில் பலன் தெரியும்.

பாதி எழுத்து விழுந்துவிட்டது, மீதி பிடிபடவில்லை

பொருளை மறந்துவிட்டு எழுத்தைப் பாருங்கள். தமிழில் எந்த எழுத்துக்குப் பின்னால் எது வரும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. அது குறுக்கெழுத்துக்காரர்களுக்குக் கிடைத்த வரம். தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் இந்த நான்கும் தம் இனத்தையே அடுத்துக் கொண்டுவரும். கட்டத்தில் 'த்' இருந்தால் அடுத்தது த, தா, தி வரிசைதான். 'ங்' இருந்தால் அடுத்தது அநேகமாகக் ககர வரிசை, 'ஞ்' இருந்தால் சகரம், 'ந்' இருந்தால் தகரம். 'ம்' சொல்லின் நடுவில் இருந்தால் பகரத்தையும் மகரத்தையும் முதலில் வைத்துப் பாருங்கள். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். வெட்கம், காட்சி, நட்பு என்று பல பக்கம் போகும்.

சொல்லின் கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் நிற்காது. முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து வராது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் இந்த ஒழுங்குக்கு அடங்காது. குறிப்பில் சினிமா, கிரிக்கெட், கம்ப்யூட்டர் வாசனை அடித்தால் இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள்.

குறிப்பே புரியவில்லை, ஏதோ உளறல் மாதிரி இருக்கிறது

இது எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். குறிப்பு ஒன்றைச் சொல்வது போலச் சொல்லி வேறொன்றைக் கேட்கிறது. இதற்குள் நுழையத் தெரியாமல் 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஏனென்றால் இந்த விளையாட்டு நம் ஊர்ச் சரக்கு. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் 'எட்டேகால் லட்சணமே' என்ற வசவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. சேர்த்தால் 'அவ', அவலட்சணமே! அதே பாட்டில் எமன் ஏறும் பரி என்று எருமையும், கூரையில்லா வீடு என்று குட்டிச்சுவரும் வருகின்றன. இன்றைக்குக் கடினமான புதிர் போடுகிறவர் செய்வதும் இதையேதான்.

இப்படிப்பட்ட குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பாதி இருக்கும். ஒரு பாதி விடையின் பொருள், மறு பாதி விடையைச் செய்யும் முறை. பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். எந்த இடத்தில் வெட்டுவது என்று கண்டுபிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. நானே செய்த சில குறிப்புகளை வைத்துக் காட்டுகிறேன்.

"பகல் விளக்குக்குள் ஒளிந்திருக்கும் அழியாச் செல்வம், 3 எழுத்து." 'ஒளிந்திருக்கும்' என்ற சொல் காட்டிக்கொடுக்கிறது. 'பகல் விளக்கு' என்பதை இடைவெளி இல்லாமல் எழுதி விரலை நகர்த்துங்கள்: ப, க, ல், வி, ள, க், கு. இரண்டாவதிலிருந்து நான்காவது வரை படித்தால் 'கல்வி'. உள்ளே, நடுவே, மறைந்து, பொதிந்து என்று எது வந்தாலும் முதலில் இப்படித் தேடுங்கள்.

"சோலை, பரப்பு: குடகில் பிறந்தவள், 3 எழுத்து." இது ஒட்டுவேலை. சோலைக்கு இன்னொரு பெயர் 'கா'. பரப்பு என்பதைப் பெயராகப் படித்தால் வழி அடைபட்டுவிடும். ஏவலாகப் படித்தால் 'விரி'. சேர்த்தால் காவிரி. பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று மாற்றி மாற்றிப் படிப்பதுதான் இங்கே சூட்சுமம். படி, ஓடு, அணை, கட்டு எல்லாம் இப்படி இரண்டு முகம் காட்டும் சொற்கள்.

"குழம்பிய நகரத்தில் பாவிகள் போகும் இடம், 4 எழுத்து." குழம்பிய, கலைந்த, சிதறிய, தடுமாறிய என்று வந்தால் எழுத்துகளைக் கலைத்துப் போட வேண்டும். 'நகரம்' என்பதன் எழுத்துகள் ந, க, ர, ம். இவற்றை ஒரே வரியில் எழுதி உறுத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பழைய சொல்தான் தெரியும். வட்டமாக எழுதுங்கள். புள்ளி எழுத்து முதலில் நிற்காது, 'ர' முதலில் நிற்பது அபூர்வம், 'ம்' கடைசிக்கே ஆசைப்படும். ஆக முதல் எழுத்துக்கு மிஞ்சுவது ந அல்லது க. இரண்டே முயற்சியில் 'நரகம்' வந்துவிடும்.

தலை, இடை, வால் என்று வந்தால் எழுத்தை வெட்ட வேண்டும். இதற்கு மதுரையைவிட நல்ல ஊர் கிடையாது. தலையை எடுத்தால் 'துரை', இடையை எடுத்தால் 'மரை' என்ற மான், வாலை எடுத்தால் 'மது'. ஒரே ஊருக்குள் மூன்று விடை! இலக்கணத்தில் தாமரையின் தலை போய் 'மரை' ஆவதை முதற்குறை என்பார்கள். அங்கே தலை போனாலும் அது பூதான். புதிரிலோ பொருளே மாறிவிட வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

"படி, திரும்பினால் ஈசன், 2 எழுத்து." விடை 'வாசி'. திருப்பினால் சிவா. வால்மீகி 'மரா மரா' என்று சொல்லச் சொல்ல அது ராம நாமம் ஆன கதையும் இதே வித்தைதான்.

ஒற்றை எழுத்துக்கான குறிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்றால் க, இரண்டு என்றால் உ, எட்டு என்றால் அ, பத்து என்றால் ய, கால் என்றால் வ. "கலைக்குள் கால் வைத்தால் மனச்சுமை" என்றால் கலை என்பதன் நடுவில் வ போட்டு 'கவலை'. ஸ்வரங்கள் ச, ரி, க, ம, ப, த, நி ஏழும் இதே போல உதவும். "இரண்டு ஸ்வரம் சேர்ந்து தும்பிக்கை தூக்கும்" என்றால் கரி. வேறு இரண்டு ஸ்வரம் குளம்படி ஓசையோடு ஓடினால் பரி.

மேலே சொன்ன எந்த ஜாடையும் இல்லை, குறிப்பு ரொம்பக் குட்டியாக இருக்கிறது என்றால் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பொருளாக இருக்கும். "நட்சத்திரம், போர்ப்பாட்டு, ஊறுகாய் ஜாடி, 3 எழுத்து." பரணி.

விடை, நாம் கேள்விப்படாத சொல்லாக இருக்கும் போலிருக்கிறது

இங்கே கூச்சப்படாமல் அகராதியைத் திறக்கலாம். அகராதி பார்ப்பது ஏமாற்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. தெரியாத சொல்லை எத்தனை மணி நேரம் யோசித்தாலும் அது வரப்போவதில்லை.

அன்றாடத் தமிழுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழைய சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் முழுவதையும் தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது.

ஆனால் அகராதியில் ஒரு இடைஞ்சல். அதில் சொல்லைக் கொடுத்தால் பொருள் வரும். நமக்கு வேண்டியது தலைகீழ்: பொருள் தெரியும், சொல் வேண்டும். அதற்கு நிகண்டுதான் சரி. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு எல்லாம் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் எழுதப்பட்டவை. சூடாமணியில் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் பிரித்திருக்கும். விலங்குப் பகுதியில் யானையைத் தேடினால் அதன் பெயரெல்லாம் ஒரே இடத்தில். கடைசி இரண்டு தொகுதிகள் நமக்கென்றே செய்தது போல இருக்கும். பதினோராவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாவது, தொகையாக வரும் பெயர்கள். "நவரத்தினங்களில் ஒன்று", "27 நட்சத்திரங்களில் ஒன்று" என்று வரும் குறிப்புகளுக்கெல்லாம் இந்தத் தொகைக் கணக்கே அடித்தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நிகண்டுகள் படிக்கக் கிடைக்கின்றன. செய்யுள் நடை முதலில் மிரட்டும். இரண்டு வாரம் போனால் பழகிவிடும்.

யாரையாவது கேட்டே ஆக வேண்டும்

சரி, கேளுங்கள். ஆனால் விடையைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். போன மழைக்காலத்தில் ஒருநாள் "முடவன் ஆசைப்பட்டது, 6 எழுத்து" என்று ஒரு குறிப்பு. ஐந்தாவது கட்டத்தில் 'தே' மட்டும் இருந்தது. தேர், தேசம், தேவதை என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். அத்தை முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தார். குறிப்பைப் படித்துக் காட்டாமல், "அத்தை, முடவன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று மட்டும் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "கொம்புக்கு ஆசைப்பட்டானே, அவன்தான்" என்றார். கீரைக்காம்பை உருவும் கை நிற்கவே இல்லை. கொ, ம், பு, த், தே, ன். பாதி அவர் சொன்னது, மீதியை நான் கண்டுபிடித்தது. அந்த விடை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பழமொழிக்கும் சமையல் சாமானுக்கும் உறவுமுறைக்கும் வீட்டுப் பெரியவர்கள். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் தம்பி, தங்கைகள். இலக்கியத்துக்கு உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எட்டும் தூரத்தில் இருந்தால் அவர். முன்னாள் மாணவர் ஒருவர் குறுக்கெழுத்துக்காகப் போன் செய்வதை வேண்டாம் என்று சொல்லும் தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை.

எழுதிக் கேட்பதானால் குறிப்பை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள். உங்கள் வார்த்தையில் சுருக்கினால் ஜாடை காட்டும் சொல்தான் முதலில் உதிர்ந்துபோகும். கூடவே எத்தனை எழுத்து, எந்தத் திசை, எந்தெந்தக் கட்டத்தில் என்ன விழுந்திருக்கிறது என்பதும் வேண்டும்: "4 எழுத்து, மேலிருந்து கீழ், இரண்டாவது ம, கடைசி ன்." விழுந்த எழுத்தில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் தப்பாக எழுதிய ஒரு எழுத்து எதிரில் இருப்பவரையும் சேர்த்து வழி தவறச் செய்யும். "விடை வேண்டாம், முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க" என்று கேட்கலாம். "எது பொருள், எது ஜாடைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் இன்னும் நல்லது.

போனில் இருக்கும் செயலிகளையோ செயற்கை நுண்ணறிவையோ கேட்டால் எழுத்து எண்ணிக்கையை நீங்களே மறுபடி எண்ணிக்கொள்ளுங்கள். கணினிக்குள் 'கு' என்பது க ஒரு குறி, உகரக் கொக்கி ஒரு குறி என்று இரண்டாகப் பதிவாகிறது. புள்ளி எழுத்தும் அப்படித்தான். 'குருவி' நமக்கு 3, அதற்கு 6. அதனால் "3 எழுத்துச் சொல்" என்று கேட்டால் சம்பந்தமில்லாத நீளத்தில் விடை வர வாய்ப்பு உண்டு. பொருள் கேட்கவும் ஒத்த சொற்களைத் திரட்டவும் பயன்படுத்துங்கள். கட்டத்துக்குப் பொருந்துகிறதா என்பதை உங்கள் விரல் எண்ணிச் சொல்லட்டும்.

எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு இடம் மட்டும் எதற்கும் மசியவில்லை

பிழை அச்சில் இருக்கலாம். குறிப்பின் எண் மாறிப்போவது, கறுப்புக் கட்டம் ஒன்று தள்ளி விழுவது, மேலிருந்து கீழ் வர வேண்டிய குறிப்பு கீழிருந்து மேல் தலைப்பின் அடியில் போய்விடுவது, எல்லாம் நடக்கும். அடுத்த எண்ணுக்கான குறிப்பை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். சொல்லை எதிர்த்திசையில் எழுதிப் பாருங்கள். ர, ற மாற்றியும் ண, ன மாற்றியும் பார்த்துவிடுங்கள். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிருக்கு 'வேர்ட் கிராஸ்' என்றுதான் பெயர். சில வாரங்களில் அச்சுக் கோக்கும்போது முன்பின்னாகி 'கிராஸ் வேர்ட்' ஆனது என்பார்கள். பெயரே அப்படி வந்ததென்றால் கட்டம் ஒன்று தள்ளி விழுவதற்குக் கோபப்பட என்ன இருக்கிறது.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் உங்கள் சந்தேகத்தைப் பென்சிலால் எழுதி, பேப்பரை எடைக்குப் போடாமல் தனியாக வையுங்கள். விடை வரும் நாளில் அந்த எண்ணை மட்டும் முதலில் பாருங்கள். பிழை அவர்களுடையதாக இருந்தால், பேப்பரின் பெயர், தேதி, குறிப்பின் எண், நீங்கள் நினைத்த விடை, நான்கையும் எழுதி ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி அனுப்புங்கள். பிழை உங்களுடையதாக இருந்தால் அந்தச் சொல் நோட்டின் கடைசிப் பக்கத்துப் பட்டியலுக்குப் போகட்டும், எழுத்து எண்ணிக்கையோடு.